கணவருக்கு 2027, மனைவிக்கு 2024: டிபெண்டன்ட் விசா காலாவதியான ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் பதிவு பெற்ற ஒரு குடியேற்ற ஆலோசகரிடம் நான் உதவியாளராக இருக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் பேச்சை மொழிபெயர்ப்பது, காகிதங்களை அடுக்குவது, தேதிகளைக் குறித்து வைப்பது என் வேலை. சட்ட ஆலோசனை சொல்வது ஆலோசகர்தான். அந்த நாட்டில் பதிவு இல்லாதவர் குடியேற்ற ஆலோசனை தருவது குற்றம். கீழே உள்ளதை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், நிறுவனம் எதையும் சொல்லவில்லை.

பின்னணி

கணவர் மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவர். 2021 அக்டோபரில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், அதாவது திறன் பணியாளருக்கான வேலை விசாவில், வந்தார். நிறுவனம் கொடுத்த ஸ்பான்சர்ஷிப் சான்று, அதாவது சி.ஓ.எஸ்., 2024 செப்டம்பர் 30 வரை. இந்த விசாவில் சி.ஓ.எஸ். முடியும் நாளுக்கு மேல் 14 நாள் சேர்த்துக் கொடுப்பார்கள். அதனால் அவருடைய விசா 2024 அக்டோபர் 14 வரை இருந்தது.

மனைவியும் மூத்த மகளும் 2022 ஜனவரியில் டிபெண்டன்ட் விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்குமான விசாவில், வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் அதே அக்டோபர் 14தான். டிபெண்டன்ட் விசா முதன்மை விண்ணப்பதாரரின், அதாவது வேலை விசா வைத்திருப்பவரின், முடிவுத் தேதியை ஒட்டியே கொடுக்கப்படும். வந்த அன்று மூவருக்கும் ஒரே தேதி என்பதால், எங்கள் எல்லாருடைய விசாவும் ஒன்றுதான் என்ற எண்ணம் அந்த வீட்டில் பதிந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் அந்த எண்ணம்தான் என்று நினைக்கிறேன்.

மனைவி ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பகுதி நேரமாக வேலைக்குச் சேர்ந்தார். டிபெண்டன்ட் விசாவில் இருக்கும் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. 2023 ஜூனில் இரண்டாவது குழந்தை, மகன், அங்கேயே பிறந்தான். பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு பெற்றவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறந்த குழந்தை பிரிட்டிஷ் குடிமகன் ஆகாது. அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார்கள், விசா எடுக்கவில்லை. நாட்டுக்குள்ளேயே இருக்கும் வரை அது இல்லாமல் ஓடிவிடும். வெளியே போனால் திரும்பி வர விசா கட்டாயம்.

2024 பிப்ரவரி: வேலை மாற்றம்

கணவருக்கு வேறொரு நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்தது. புதிய சி.ஓ.எஸ்., புதிய விண்ணப்பம். அப்போது எல்லாருக்கும் ஓர் அவசரம் இருந்தது. மருத்துவக் கூடுதல் கட்டணமான ஐ.எச்.எஸ்., பெரியவருக்கு ஆண்டுக்கு 624 பவுண்டிலிருந்து 1,035 பவுண்டாக 2024 பிப்ரவரி 6 அன்று உயர இருந்தது. 18 வயதுக்குக் கீழே 470லிருந்து 776. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பிப்ரவரி 2ஆம் தேதியே கணவரின் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டார்கள். மார்ச்சில் ஒப்புதல் வந்தது. 2027 மார்ச் 14 வரை விசா.

குடும்பத்துக்கு யாரும் எதுவும் போடவில்லை. நிறுவனம் தன் ஊழியரின் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டது. வழக்கறிஞர்களுக்கு இட்ட பணியும் அவ்வளவுதான். ஒப்புதல் கடிதத்தோடு வந்த மின்னஞ்சலைக் கணவர் பின்னால் எங்களுக்குக் காட்டினார். நான்காவது பத்தியில் ஒரே ஒரு வரி: குடும்பத்தினர் தங்கள் விசா முடிவதற்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர் இணைப்பைத் திறந்து தேதியைப் பார்த்திருக்கிறார், மகிழ்ந்திருக்கிறார். அந்தப் பத்தி வரை கண் போகவில்லை.

விதி சிக்கலானது இல்லை. முதன்மை விண்ணப்பதாரர் விசாவை நீட்டித்தால் குடும்பத்தின் விசா தானாக நீளாது. ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி ஐ.எச்.எஸ். அவரோடு சேர்ந்தே போடலாம், அல்லது தங்கள் விசா முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் போடலாம். இந்த இரண்டாவது வசதிதான் பல குடும்பங்களைத் தள்ளிப்போட வைக்கிறது. இவர்கள் தள்ளிப்போடவும் இல்லை. அப்படி ஒரு வேலை பாக்கி இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

இரண்டு கார்டுகள், இரண்டு தேதிகள்

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் படித்த, கவனமான ஒரு தம்பதி எட்டு மாதம் எப்படிக் கவனிக்காமல் இருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் விசாவுக்கு அத்தாட்சி பி.ஆர்.பி. எனப்படும் பிளாஸ்டிக் கார்டு. 2024 முடிவோடு கார்டுகளை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் இணையத்தில் இருக்கும் இ-விசாவுக்கு மாற்றும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதனால் விசா அதற்குப் பிறகும் நீள்பவர்களின் கார்டிலும் 2024 டிசம்பர் 31 என்றே அச்சிட்டார்கள். கணவருக்கு வந்த புதிய கார்டிலும் அதே தேதி. விசாவோ 2027 வரை. அவர் குழம்பிப்போய் நண்பர்களிடம் கேட்டார். "கார்டுத் தேதியைப் பார்க்காதீங்க, அது கார்டுக்குத்தான், விசாவுக்கு இல்லை" என்றார்கள். அவர் கார்டுக்கு அது சரியான பதில்.

மனைவியின் கார்டு 2022இல் அச்சானது. அதில் 2024 அக்டோபர் 14 என்று இருந்தது. அவர் விசா 2024 டிசம்பருக்கு முன்பே முடிவதால் அது கார்டின் தேதி மட்டும் இல்லை, விசாவின் உண்மையான முடிவுத் தேதியும் அதுதான். கோடையில் மனைவி ஒருமுறை கேட்டிருக்கிறார்: "என் கார்டு அக்டோபர்ல முடியுதே, ஏதாச்சும் பண்ணணுமா?" கணவர் தனக்குச் சொல்லப்பட்ட பதிலையே சொன்னார். கார்டுத் தேதி முக்கியம் இல்லை, என் விசா 2027 வரை இருக்கிறது. கேள்வி அங்கேயே முடிந்துபோனது.

அவர் அலட்சியமாக இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்குப் பொருந்திய பதிலை இன்னொருவருக்கு எடுத்துச் சொன்னார்.

அக்டோபர் 23

2024 அக்டோபர் 23, புதன்கிழமை. மனைவியின் அலுவலக எச்.ஆர். பிரிவிலிருந்து மின்னஞ்சல்: உங்கள் பணி அனுமதியை மறுபடியும் சரிபார்க்க வேண்டும், ஷேர் கோட் அனுப்புங்கள். ஒருவரின் அனுமதியை நிறுவனம் இணையத்தில் பார்க்க உதவும் குறியீடு அது. இந்தச் சரிபார்ப்பு 14ஆம் தேதிக்குள் நடந்திருக்க வேண்டியது, அந்த அலுவலகத்தில் ஒன்பது நாள் தாமதமாகிவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 13 முதல், அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்திருந்தால் முதல் முறைக்கே ஒரு ஊழியருக்கு 45,000 பவுண்டு வரை நிறுவனத்துக்கு அபராதம். எச்.ஆர். கண்டிப்பாக இருந்ததில் வியப்பில்லை.

மனைவி இணையத்தில் ஷேர் கோட் எடுக்கப் போனார், வரவில்லை. மதியத்துக்குள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். மறுநாள் மாலை இருவரும் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். தோளில் தூங்கும் குழந்தை, மடியில் மூத்தவள்.

ஆலோசகர் முதலில் கேட்டது நான்கு தேதிகள். நால்வருக்கும் விசா எப்போது முடிகிறது என்று தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். கணவர் 2027 மார்ச் என்றார். மனைவி, மகள் இருவருக்கும் பத்து நாளுக்கு முன்பே முடிந்திருந்தது. மகனுக்குத் தேதியே இல்லை. இந்த நான்கையும் காகிதத்தில் எழுதியபோதுதான் அவர்களுக்கு முழுதாகப் புரிந்தது. அதுவரை ஏதோ கணினிக் கோளாறு என்ற நம்பிக்கை இருந்திருக்கிறது.

முன்னால் இருந்த வழிகள்

முதல் வழி, பிரிட்டனுக்குள் இருந்தபடியே உடனே விண்ணப்பிப்பது. விசா முடிந்து 14 நாளுக்குள் போட்டால் அந்த இடைவெளியைப் பொருட்படுத்தாமல் விட விதி இருக்கிறது. அப்போதைய குடியேற்ற விதிகளில் 39இ என்ற பத்தி. அக்டோபர் 28 வரை நேரம் இருந்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: உரிய நேரத்தில் போட முடியாமல் போனதற்கு, விண்ணப்பதாரரின் கட்டுப்பாட்டை மீறிய நல்ல காரணம் வேண்டும். திடீர் மருத்துவமனை அனுமதி, நெருங்கிய உறவின் மரணம் போன்றவை உள்துறையின் வழிகாட்டியில் எடுத்துக்காட்டாக வருகின்றன. "தெரியாது" என்பது அதில் வராது. 14 நாள் என்றதும் அதைச் சலுகைக் காலம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நானும் இந்த வேலைக்கு வரும் முன் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. விசா இருக்கும்போதே விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும் வரை பழைய அனுமதி தொடரும். 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. விசா முடிந்தபின் போட்டவருக்கு அது கிடையாது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அனுமதி இல்லாத நாளாகவே கூடிக்கொண்டு போகும். சாதாரணமாக எட்டு வாரம் வரை ஆகலாம். மறுத்துவிட்டால் முப்பது நாள் எல்லை எப்போதோ தாண்டியிருக்கும்.

இரண்டாவது வழிக்கு அந்த முப்பது நாள்தான் அடிப்படை. காலாவதியாகி 30 நாளுக்குள், சொந்தச் செலவில், தானாகவே நாட்டை விட்டுப் போனவருக்கு அந்தத் தங்கலுக்காக மறுநுழைவுத் தடை விதிப்பதில்லை. நவம்பர் 13க்குள் கிளம்பி, இந்தியாவிலிருந்து புதிதாக டிபெண்டன்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது வழியை உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னாராம். பேசாமல் இருங்கள், கணவருக்கு நிரந்தரக் குடியிருப்பு வரும்போது எல்லாம் சரியாகிவிடும். ஆலோசகர் இதற்கு ஒரே நிமிடம்தான் செலவிட்டார். நாளாக ஆக ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று தடை வரக்கூடிய பாதை அது.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தார்கள். அதன் விலை என்ன என்பதை ஆலோசகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நிரந்தரக் குடியிருப்புக்கு, அதாவது ஐ.எல்.ஆருக்கு, ஐந்தாண்டு தொடர்ச்சியான தங்கல் வேண்டும். அனுமதி இருக்கும்போதே வெளியே போய், அது முடிவதற்குள்ளோ முடிந்து 14 நாளுக்குள்ளோ வெளியிலிருந்து விண்ணப்பித்தால் தொடர்ச்சி அறுபடாது. மனைவி அனுமதி இல்லாத நிலையில் கிளம்புகிறார். 2022 ஜனவரியிலிருந்து சேர்ந்த இரண்டே முக்கால் ஆண்டும் போகும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அதைக் கேட்டதும் மனைவி வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "உள்ளேயே போட்டு, ஒத்துக்கிட்டாங்கன்னா அந்த வருஷம் தப்பிக்கும் இல்லையா?" தப்பிக்கும். அதனால்தான் முடிவு எளிதாக இல்லை. ஆனால் சொல்ல ஒரு நல்ல காரணம் இல்லாமல் அந்த வழியில் போவது, இரண்டே முக்கால் ஆண்டை மீட்க குழந்தைகளின் எதிர்காலத்தைப் பணயம் வைப்பது போல என்று கணவர் சொன்னார். காரணத்தை ஜோடிப்பது பற்றி யாரும் பேசவில்லை. நான் அவர்களை மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகனைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. அவன் காலாவதியானவன் இல்லை, அங்கேயே இருக்கலாம். ஆனால் குழந்தைக்கு டிபெண்டன்ட் விசா கொடுக்கும்போது பொதுவாகப் பெற்றோர் இருவருக்கும் அனுமதி இருக்கிறதா, அல்லது சேர்ந்து விண்ணப்பிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். தாயின் நிலை சரியாகாமல் அவனுக்கு மட்டும் வாங்க முடியாது. ஒன்றரை வயதுகூட ஆகாதவனை அம்மாவிடமிருந்து பிரித்து வைப்பதும் முடியாது. மூவரும் போவது என்று முடிவானது.

சென்னையில் நடந்தது

தீபாவளி வாரத்தில் டிக்கெட் கிடைக்காமல் நவம்பர் 5ஆம் தேதிதான் கிளம்ப முடிந்தது. இருபத்திரண்டாம் நாள். பிரிட்டனில் வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை என்பதால், போர்டிங் பாஸ்களைப் பத்திரப்படுத்தச் சொன்னோம்.

இந்தியா போய்ச் சேர்ந்ததும் மூன்று விண்ணப்பங்களையும் இணையத்தில் போட்டார்கள். எந்த நாள் முடிந்தது, எந்த நாள் கிளம்பினோம், அக்டோபர் 15 முதல் 23 வரை தெரியாமல் வேலைக்குப் போனது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக் கடிதம் வைத்தோம். மறைத்தது தெரியவந்தால் அது ஏமாற்றாகிவிடும், காலாவதியைவிடப் பெரிய குற்றம் அது. குடும்பச் செலவுக்கான தொகையை 28 நாள் வங்கியில் காட்ட வேண்டும். துணைவருக்கு 285, முதல் குழந்தைக்கு 315, அடுத்த குழந்தைக்கு 200, ஆக 800 பவுண்டு. கணவரின் கணக்கில் அது இருந்தது.

விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 719 வீதம் 2,157 பவுண்டு. ஐ.எச்.எஸ். இரண்டரை ஆண்டுக் கணக்கில் மனைவிக்கு 2,587.50, குழந்தைகளுக்கு 1,940 வீதம் 3,880. விரைவு முடிவுக்கு ஒருவருக்கு 500. கூட்டினால் 10,124.50 பவுண்டு, விமானச் செலவு தனி. உரிய நேரத்தில் உள்ளிருந்தே போட்டிருந்தாலும் ஒருவருக்கு 827 கட்டணமும் ஐ.எச்.எஸ்ஸும் கட்டியிருக்கத்தான் வேண்டும். பிப்ரவரி 2ஆம் தேதி கணவரோடு சேர்ந்து போட்டிருந்தால் ஐ.எச்.எஸ். பழைய விகிதத்தில் முடிந்திருக்கும்.

நவம்பர் 11 அன்று சென்னையில் கைரேகை கொடுத்தார்கள். விரைவுச் சேவை ஐந்து வேலை நாள் என்றாலும் முந்தைய காலாவதி இருந்ததால் தள்ளிப்போனது. 22ஆம் தேதி முடிவு வந்தது. மூவருக்கும் விசா, கணவரின் தேதியான 2027 மார்ச் 14 வரை. டிசம்பர் 1 அன்று திரும்பினார்கள்.

திரும்பிய பின்

மகளின் பள்ளி இடத்தை வைத்திருந்தது. மனைவியின் வேலை போய்விட்டது. அடுத்த வேலை 2025 மார்ச்சில்தான் கிடைத்தது.

பெரிய இழப்பு இனிமேல்தான் தெரியும். கணவருக்கு 2026 அக்டோபரில் ஐந்தாண்டு நிறையும். மனைவிக்கு 2027 தொடக்கத்தில் நிறைந்திருக்க வேண்டியது, இனி 2029 இறுதிக்குப் போகும், அதுவும் ஐந்தாண்டு விதி மாறாமல் இருந்தால். பிரிட்டிஷ் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை, அதாவது கொள்கை அறிக்கை, பொதுவான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்தாண்டாக்க முன்மொழிந்தது. வரிசையில் பின்னால் தள்ளப்பட்டவருக்குத்தான் அப்படிப்பட்ட மாற்றங்கள் முதலில் வலிக்கும். மகளின் ஐ.எல்.ஆருக்கும் பொதுவாகப் பெற்றோர் இருவரும் நிரந்தரமாகியிருக்க வேண்டும் என்பதால் அவளும் அம்மாவோடு காத்திருக்கிறாள். அங்கே பிறந்த மகனுக்கு மட்டும், பெற்றோரில் ஒருவர் நிரந்தரமானதும் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்ய 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வழி தருகிறது.

மாற்ற வேண்டியவை

என் பங்கிலிருந்து தொடங்குகிறேன். 2024 மே மாதம் மகனின் பாஸ்போர்ட் காகிதங்களுக்காக இந்தக் குடும்பம் எங்களிடம் வந்தது. மனைவியின் கார்டை நானே நகலெடுத்தேன். அக்டோபர் 14 என்ற எழுத்து என் கையில் இருந்தது, ஐந்து மாதம் மீதி இருந்தது. அவர்கள் கேட்டது வேறு வேலை என்பதால் நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது எந்த வேலைக்காக வந்தாலும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் விசாத் தேதியையும் கேட்டு, தனித்தனி வரியில் எழுதுகிறேன். "குடும்பத்துக்கு எப்போது முடியுது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரு தேதிதான் பதிலாக வரும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதில் முதலாவது, நிறுவனம் விசா நீட்டிப்பு பற்றிப் பேச ஆரம்பித்த அன்றே எழுத்தில் கேட்பது: இதில் என் குடும்பம் சேருமா, சேராவிட்டால் யார் போடுவது, செலவு யாருடையது? கையில் பணம் இல்லாமல் பின்னால் போடத் தீர்மானித்தால் அதுவும் சரிதான், ஆனால் தேதி போட்ட தீர்மானமாக இருக்கட்டும். கார்டையோ கணவரின் கடிதத்தையோ நம்பாமல், ஒவ்வொருவரின் இணையக் கணக்கிலும் இருக்கும் முடிவுத் தேதியைத் திறந்து பாருங்கள்.

கடைசி நாள் நெருங்கிவிட்டால் காகிதம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படிவத்தை நிரப்பிக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் 3சி பாதுகாப்பு வந்துவிடும், ஆவணங்களை அடுத்த கட்டத்தில் ஏற்றலாம். இந்த மனைவி அக்டோபர் 14 இரவு அந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் மேலே எழுதியதில் பாதி நடந்திருக்காது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போகவும் கூடாது. பிரிட்டன், அயர்லாந்து உள்ளிட்ட பொதுப் பயணப் பகுதியை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். அங்கே பிறந்த குழந்தைக்கு, அடுத்த நீட்டிப்பில் மற்றவர்களோடு சேர்த்தே விசா எடுத்துவிடுவது நல்லது. அவசரத்துக்கு ஊருக்குப் போக வேண்டிய நாள் சொல்லிக்கொண்டு வராது.

கணவரின் நிறுவனத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. அவர் எச்.ஆரிடம் நடந்ததைச் சொன்னபின், நீட்டிப்புக் கடிதங்களில் குடும்பம் பற்றிய வரியை நான்காவது பத்தியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் மாதிரியைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தவர் அவருடைய மனைவி.